கிளியரன்ஸ் வாங்கியாச்சு, அப்புறமும் ஏன் காத்திருக்கணும்? டேக்-ஆஃப் வரைக்குமான ரேடியோ பேச்சு

புதுச்சிறகு எழுதியது:

வணக்கம். சிமுலேட்டரில் ஆன்லைன் ஏடிசியோடு (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) பறக்கிறவர்களுக்கு வழக்கமாக வரும் சந்தேகங்கள்தான், ஆனால் நிஜ நடைமுறை தெரிந்தவர்கள் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஒண்ணு: கேட்டில் நிற்கும்போதே "கிளியர்ட் டு" என்று போய்ச் சேரும் இடம் வரைக்கும் அனுமதி தந்துவிடுகிறார்கள். அப்புறம் டாக்ஸிக்கு (தரையில் ஊர்ந்து போவதற்கு), ஓடுபாதைக்கு, டேக்-ஆஃபுக்கு என்று எதற்குத் தனித்தனி அனுமதி? ரெண்டு: எதையெல்லாம் திருப்பிச் சொல்லணும், எதற்கு "ரோஜர்" போதும்? மூணு: டவரை விட்டு டிபார்ச்சருக்கு (கிளம்பியவரை வானில் கவனிக்கும் கன்ட்ரோலர்) எப்போது மாறணும், மாறியதும் என்ன சொல்லணும்?

டவர்வாசி எழுதியது:

முதல் கேள்வியிலேயே பாதி விஷயம் அடங்கிவிட்டது. ரூட் கிளியரன்ஸ் என்பது வானத்தில் உங்களுக்கு ஒதுக்கிய வழி. தரையில் ஒரு அடி நகர்வதற்கும் அதில் அனுமதி கிடையாது. அதைக் கொடுப்பவர் பல விமான நிலையங்களில் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருப்பவரே இல்லை. டெலிவரி என்ற தனி அலைவரிசை, தனி ஆள்.

வரிசை பொதுவாக இப்படிப் போகும். முதலில் ஏடிஸ் (பதிவு செய்து ஒலிபரப்பும் விமான நிலையத் தகவல்) கேட்டு, அந்தப் பதிப்பின் எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டெலிவரியை அழைக்கும்போது அந்த எழுத்தையும் நிற்கும் ஸ்டாண்டையும் சொன்னால், காற்று, கியூஎன்ஹெச் (உயரமானியான ஆல்டிமீட்டரில் வைக்கும் காற்றழுத்தம்), ஓடுபாதை எல்லாம் உங்களிடம் இருக்கிறது என்று அவருக்குப் புரியும். அவர் தருவதில் ஐந்து உருப்படி இருக்கும்: எதுவரை, எந்த சிட் (வரையறுத்த புறப்பாட்டு வழி) வழியாக, முதலில் எவ்வளவு உயரம், அடுத்த அலைவரிசை, ஸ்குவாக் (ரேடாருக்கு உங்களை அடையாளம் காட்டும் நான்கு இலக்க எண்). இதே வரிசையில் தாளில் ஐந்து கோடு முன்கூட்டியே போட்டு வைத்தால், அவர் வேகமாகப் பேசினாலும் எந்தக் கோடு காலியாக இருக்கிறது என்று தெரிந்துவிடும், அதை மட்டும் கேட்கலாம்.

ஐசிஏஓ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) கையேட்டில் வரும் கற்பனை கால்சைனையே (ரேடியோ அழைப்புப் பெயர்) எடுத்துக்கொள்வோம்: "ஃபாஸ்ட்ஏர் 345, ஸ்குவாக் 4213". ஸ்குவாக்கில் 0 முதல் 7 வரையிலான இலக்கங்கள்தான் வரும், மொத்தமே 4,096 எண்கள். நீங்கள் எழுதியதில் 8 அல்லது 9 இருந்தால் காது ஏமாற்றியிருக்கிறது, உடனே கேளுங்கள். நீங்கள் திருப்பிச் சொன்னதும் அவர் "ரீட்பேக் கரெக்ட்" என்பார். அதோடு டெலிவரி வேலை முடிந்தது.

அதன் பிறகு கிரவுண்ட், அதாவது தரை நகர்வைப் பார்ப்பவர். புஷ்பேக்குக்கும் (பின்னால் தள்ளுவது) இன்ஜின் ஸ்டார்ட்டுக்கும் "அப்ரூவ்ட்" என்பார்கள், டாக்ஸிக்கு வெறும் "டாக்ஸி" என்பார்கள். "கிளியர்ட்" என்ற சொல்லைத் தரையில் கண்டபடி பயன்படுத்தாததற்குக் காரணம் இருக்கிறது. டாக்ஸி அனுமதி எப்போதும் ஒரு இடத்தில் முடியும், பெரும்பாலும் ஹோல்டிங் பாயிண்டில் (ஓடுபாதைக்கு முன் நிற்கும் இடம்). அந்த எல்லைதான் அந்த வாக்கியத்தின் உயிர்.

இடதுஇருக்கை எழுதியது:

ரெண்டாவது கேள்விக்கு. கட்டாயம் திருப்பிச் சொல்ல வேண்டியவை ஐசிஏஓ இணைப்பு 11-இல் இருக்கின்றன: ரூட் கிளியரன்ஸ் முழுசா, எந்த ஓடுபாதையிலும் நுழைவது, இறங்குவது, புறப்படுவது, அதற்கு முன் நிற்பது, குறுக்கே கடப்பது, அதன்மேல் டாக்ஸி செய்வது, திரும்பி வருவது, பயன்பாட்டில் உள்ள ஓடுபாதை, ஆல்டிமீட்டர் செட்டிங், ஸ்குவாக், உயரம், திசை, வேகம், டிரான்சிஷன் லெவல் (இறங்கும்போது கியூஎன்ஹெச்சுக்கு மாறும் மட்டம்). மற்றதற்கு, உதாரணமா காற்று விவரத்துக்கு, "ரோஜர்" போதும். ரோஜர் என்றால் நீங்கள் சொன்னது முழுசும் கேட்டது, அவ்வளவுதான். "ரன்வே 27-க்கு முன் நில்லுங்கள்" என்றதற்கு "ரோஜர்" என்று பதில் வந்தால் எந்த கன்ட்ரோலரும் விட மாட்டார், திரும்பக் கேட்பார்.

கூடவே ஒன்று. "ஸ்டாண்ட் பை" என்பது அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை. அப்புறம் அழைக்கிறேன் என்று மட்டுமே பொருள்.

காக்பிட்டுக்குள் நடப்பதும் இதில் சேர்த்திதான். ரேடியோ பேசுவது பைலட் மானிட்டரிங், அதாவது அந்த நேரம் ஓட்டாத விமானி. ஆனால் கிளியரன்ஸை இருவரும் கேட்கணும். ஒருவர் எழுதுவார், மற்றவர் எஃப்எம்எஸ்ஸில் (விமானத்தின் வழிக் கம்ப்யூட்டர்) ஏற்றியிருக்கும் ஓடுபாதையும் சிட்டும் முதல் உயரமும் அதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார். கடைசி நேரத்தில் ஓடுபாதை மாறும்போதுதான் கோளாறு: வாய் புது ஓடுபாதையைத் திருப்பிச் சொல்லும், கம்ப்யூட்டரில் பழையதே கிடக்கும். சிட்டின் பெயரில் கடைசி எழுத்து மட்டும் வேறாக இருக்கும்போது இது கண்ணில் படவே படாது. இடப்பக்கம் திரும்ப வேண்டியவர் வலப்பக்கம் திரும்புவார், ரேடாரில் பார்க்கிறவர் பதறுவார்.

கியூஎன்ஹெச்சை அலட்சியமாகத் திருப்பிச் சொல்பவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். 998 என்பதை 1008 என்று வைத்துவிட்டால் ஆல்டிமீட்டர் சுமார் 270 அடி அதிகமாகக் காட்டும். அதாவது, விமானம் நீங்கள் நினைப்பதைவிடக் கீழே இருக்கும்.

சந்தேகசாமி எழுதியது:

இதெல்லாம் சரி. ஆனால் திருப்பிச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போலப் பேசுகிறீர்கள். 2000 அக்டோபர் 31, தைபே. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 006-க்குக் கொடுத்தது ஓடுபாதை 05 இடது, திருப்பிச் சொன்னதும் 05 இடது. ஆனால் போய் நின்றது கட்டுமான வேலைக்காக மூடியிருந்த 05 வலது. அங்கேயே ஓடி மோதி 83 பேர் இறந்தார்கள். ரீட்பேக்கில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

டவர்வாசி எழுதியது:

நியாயமான கேள்வி. ரீட்பேக் சரிபார்ப்பது சொன்னதும் கேட்டதும் ஒன்றா என்பதை மட்டும். எங்கே நிற்கிறீர்கள் என்பதை அது சரிபார்க்காது. அதற்கு வேறு வேலி வேண்டும். நுழையும்போது பெயின்ட் அடித்த எண்ணைப் பார்ப்பது, ஓடுபாதை திசையும் ஹெடிங்கும் (விமான மூக்கின் திசை) பொருந்துகிறதா என்று பார்ப்பது, லோக்கலைசர் (ஓடுபாதையின் மையக்கோட்டைக் காட்டும் ரேடியோ சிக்னல்) ஊசி நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பது. இவையெல்லாம் காக்பிட் பக்கம்.

கன்ட்ரோலர்களான எங்கள் பக்கம் செய்யக்கூடியது, வாக்கியத்துக்குள் ஓடுபாதை எண்ணை வைப்பது. 2006 ஆகஸ்ட் 27, கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன். காமேர் 5191-க்கு விடியுமுன் டவர் சொன்னது "ஃப்ளை ரன்வே ஹெடிங், கிளியர்ட் ஃபார் டேக்-ஆஃப்". எந்த ரன்வே என்று அதில் இல்லை, பதிலிலும் இல்லை. சுமார் 7,000 அடி நீளமுள்ள 22-க்குப் பதிலாக சுமார் 3,500 அடியே உள்ள 26-இல் ஓடினார்கள். இருந்த 50 பேரில் 49 பேர் இறந்தார்கள். எண்ணைச் சொல்லியிருந்தால் தப்பியிருப்பார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது, தைபேயில் சொல்லியும் தப்பவில்லையே. ஆனால் "22" என்று வாயால் சொல்லும் நேரத்தில் கண்ணுக்கு எதிரே 26 இருந்தால், உறுத்த ஒரு வாய்ப்பாவது உண்டு.

ரேடியோராஜா எழுதியது:

டெனரிஃப் தீவு விபத்தைத் தொடாமல் இந்த இழை ஓடாது, அதனால் ரேடியோ பக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன்.

1977 மார்ச் 27, அங்குள்ள லாஸ் ரோடியோஸ் விமான நிலையம், மூடுபனி. கேஎல்எம் நிறுவன விமானம் ஓடுபாதை முனையில் நிற்கிறது, பான் ஆம் விமானம் அதே ஓடுபாதையில் டாக்ஸி செய்துகொண்டிருக்கிறது. கேஎல்எம்முக்குக் கிடைத்தது ரூட் கிளியரன்ஸ் மட்டும். ஆனால் அந்த வாசகத்துக்குள்ளேயே "டேக்-ஆஃபுக்குப் பின் வலப்பக்கம் திரும்பவும்" என்று இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு "நாங்கள் இப்போது டேக்-ஆஃபில்" என்ற மாதிரி ஒரு வாக்கியத்தோடு முடித்தார். டவர் "ஓகே" என்றது. ஒரு சிறு இடைவெளி. பிறகு "டேக்-ஆஃபுக்குக் காத்திருங்கள், அழைக்கிறேன்" என்றது. அதே நொடியில் பான் ஆம் "நாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறோம்" என்று பேசியது. இரண்டும் மோதி, கேஎல்எம் காக்பிட்டில் ஓகேவுக்குப் பிறகு கீச்சென்ற சத்தம்தான் தெளிவாகக் கேட்டது. ஓடத் தொடங்கியிருந்த கேஎல்எம் பான் ஆம் மேல் மோதி, 583 பேர் இறந்தார்கள்.

அந்தக் கீச்சொலி ஏன்? விமான விஹெச்எஃப் ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏஎம் முறையில் இயங்குகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கினால் இரண்டு கேரியர் அலைகளின் அதிர்வெண்ணுக்கும் இடையிலான சிறு வித்தியாசம் விசிலாகக் கேட்கும். எஃப்எம்மாக இருந்தால் வலுவான சிக்னல் மட்டும் சுத்தமாகக் கேட்டு, இன்னொருவர் பேசியதே தெரியாமல் போயிருக்கும். ஏஎம்மை இன்னும் விடாமல் வைத்திருப்பதன் லாபம் இதுதான்: ஏதோ மறைந்துவிட்டது என்றாவது தெரியும். விசில் கேட்டால், அந்த நொடியில் உங்களுக்கு என்ன வந்திருந்தாலும் அது வரவில்லை என்றே கொள்ளுங்கள். திரும்பக் கேளுங்கள்.

விசில் கேட்பது மூன்றாவது ஆளுக்குத்தான், அதையும் மறக்க வேண்டாம். பேசுகிற இருவருக்கும் தாங்கள் மோதியது தெரியாது. அதனால்தான் அலைவரிசையில் சும்மா இருக்கும் யாராவது "பிளாக்ட்" என்று ஒரு சொல் சொல்வது பெரிய உதவி.

இடதுஇருக்கை எழுதியது:

அந்த விபத்துக்குப் பிறகுதான் "டேக்-ஆஃப்" என்ற சொல்லைப் பூட்டி வைத்தார்கள். டேக்-ஆஃப் அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே அது வாயில் வரணும். மற்ற எல்லா இடத்திலும் "டிபார்ச்சர்". "ரெடி ஃபார் டிபார்ச்சர்" என்பதுதான் சரி. சிமுலேட்டர் நெட்வொர்க்கில் "ரெடி ஃபார் டேக்-ஆஃப்" என்று பாதிப் பேர் சொல்கிறார்கள், இங்கே படிப்பவர்களாவது விட்டுவிடுங்கள்.

அதே மாதிரி "ஓகே" என்ற சொல்லுக்கு ரேடியோவில் வேலையே இல்லை. கேட்டதா, சம்மதமா, யோசிக்கிறாரா, எதுவும் தெரியாது.

புதுச்சிறகு எழுதியது:

"லைன் அப் அண்ட் வெயிட்" பற்றியும் சொல்லுங்கள். கண்டிஷனல் என்று ஒன்று வருகிறதே, அதுதான் குழப்பம்.

டவர்வாசி எழுதியது:

"லைன் அப் அண்ட் வெயிட்" என்றால் உள்ளே போய் நேராக நில்லுங்கள், நகரக் கூடாது. அமெரிக்காவில் முன்பு "பொசிஷன் அண்ட் ஹோல்ட்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், 2010 செப்டம்பர் 30 முதல் அவர்களும் ஐசிஏஓ வாசகத்துக்கு வந்துவிட்டார்கள்.

கண்டிஷனல் கிளியரன்ஸின் அமைப்பு இறுக்கமானது: கால்சைன், நிபந்தனை, அனுமதி, கடைசியில் நிபந்தனை மறுபடி. "ஃபாஸ்ட்ஏர் 345, பிஹைண்ட் தி லேண்டிங் ஏர்பஸ் 320, லைன் அப் ரன்வே 27, பிஹைண்ட்." திருப்பிச் சொல்லும்போதும் நிபந்தனையில் தொடங்கி நிபந்தனையில் முடிக்கணும். நடுவில் இருக்கும் "லைன் அப்" மட்டும் காதில் தங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் கடைசியில் இன்னொரு தடவை.

இதற்கு மூன்று கட்டுப்பாடு. நிபந்தனையில் வரும் விமானத்தை நானும் பார்க்கணும், நீங்களும் பார்க்கணும். உங்கள் முன்னால் முதலில் கடக்கப்போவது அதுவாகவே இருக்கணும். அது எது என்று சந்தேகமில்லாமல் அடையாளம் தெரியணும். ஒரே மாதிரி இரண்டு விமானம் அடுத்தடுத்து இறங்கி வரும்போது "ஏர்பஸ்ஸுக்குப் பின்" என்பது பொறி. முதல் ஏர்பஸ்ஸா, இரண்டாவதா? சந்தேகம் இருந்தால் உள்ளே போகாதீர்கள். மங்கலான வெளிச்சத்தில் நான் இதைக் கொடுப்பதையே தவிர்ப்பேன். ஒரு தனி "ஹோல்ட் பொசிஷன்", பிறகு ஒரு தனி "லைன் அப்", பத்து விநாடிதான் கூடுதல்.

இன்னொன்று, ஸ்டாப் பார் (ஓடுபாதை நுழைவில் குறுக்கே இருக்கும் விளக்கு வரிசை) சிவப்பாக எரிந்தால் என் குரலில் அனுமதி வந்திருந்தாலும் தாண்டக் கூடாது. விளக்கு அணையணும், குரலும் வரணும். ஒன்று மட்டும் வந்தால் கேளுங்கள்.

சந்தேகசாமி எழுதியது:

"நம்பர் ஒன்" என்று சொல்வது? 2024 ஜனவரி 2, டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் அதுதானே பிரச்சினை?

டவர்வாசி எழுதியது:

அது மட்டும் என்று சொல்ல முடியாது. கடலோரக் காவல்படை விமானத்துக்குச் சொன்னது சி5 ஹோல்டிங் பாயிண்ட் வரை டாக்ஸி, புறப்பாட்டு வரிசையில் நம்பர் ஒன். அவர்களும் அதைச் சரியாகவே திருப்பிச் சொன்னார்கள். ஆனால் நுழைய அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணி ஓடுபாதைக்குள் போனார்கள். சுமார் 40 விநாடி அங்கே நின்றார்கள், யாரும் கவனிக்கவில்லை, ஜப்பான் ஏர்லைன்ஸ் 516 அதன்மேல் இறங்கியது. ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350-இல் இருந்த 379 பேரும் வெளியே வந்துவிட்டார்கள், காவல்படை விமானத்தில் 6 பேரில் 5 பேர் இறந்தார்கள்.

வரிசை எண் என்பது தகவல், அனுமதி அல்ல. ஆனால் அவசர வேலைக்காகக் கிளம்புகிறவர் காதில் "நம்பர் ஒன்" என்பது "போ" என்று விழ இடமுண்டு. என் கருத்து: வரிசை எண் சொல்லும்போது அதே மூச்சில் "ஹோல்ட் ஷார்ட்" (ஓடுபாதைக்கு முன்னே நில்) சேர்த்துவிட வேண்டும். எதிர்பார்ப்பைக் கிளப்பிவிட்டு எல்லையைச் சொல்லாமல் விடக் கூடாது.

இடதுஇருக்கை எழுதியது:

மறதி விமானிகளான எங்கள் பக்கம் மட்டும் இல்லை. 1991 பிப்ரவரி 1, லாஸ் ஏஞ்சலஸ். ஸ்கைவெஸ்ட் விமானத்தை 24 இடது ஓடுபாதையின் நடுவில் ஒரு சந்திப்பில் நிறுத்திவிட்டு, அதே ஓடுபாதையில் யுஎஸ்ஏர் 1493-க்கு இறங்க அனுமதி தரப்பட்டது, இரண்டும் மோதின. நிறுத்தப்பட்டவர் சொன்னதைத்தான் செய்தார். அதனால் உள்ளே நிற்கும்போது காது அலைவரிசை முழுவதிலும் இருக்கணும். உங்கள் ஓடுபாதை எண்ணோடு இன்னொரு கால்சைனுக்கு "கிளியர்ட் டு லேண்ட்" கேட்டால், நாகரிகம் பார்க்காமல் பட்டனை அமுக்குங்கள். நீங்கள் நிற்பதையும் ஓடுபாதை எண்ணையும் சொல்லுங்கள்.

ரெண்டு அலைவரிசையில் ஒரே கன்ட்ரோலர் பேசும் நேரங்களில் எதிராளி பேசுவது கேட்காது. அப்போது கண்தான் துணை: டிகாஸ் திரை (சுற்றியுள்ள விமானங்களைக் காட்டுவது), இறங்கி வருபவரின் விளக்கு.

டவர்வாசி எழுதியது:

உண்மை. டேக்-ஆஃப் அனுமதியைத் திரும்பப் பெறும் வாசகத்தையும் பதிவு செய்துவிடுகிறேன். இன்னும் உருளவில்லை என்றால் "ஹோல்ட் பொசிஷன், கேன்சல் டேக்-ஆஃப், ஐ ஸே அகெய்ன், கேன்சல் டேக்-ஆஃப்", காரணத்தோடு. பதில் "ஹோல்டிங்". உருள ஆரம்பித்துவிட்டால் "ஸ்டாப் இமீடியட்லி", கால்சைன், மறுபடி "ஸ்டாப் இமீடியட்லி". பதில் "ஸ்டாப்பிங்". வி1 வேகத்தை (ஓட்டத்தைக் கைவிட முடிவெடுக்கக்கூடிய கடைசி வேகம்) தாண்டிவிட்டால் நிறுத்துவதா, பறப்பதா என்பது கேப்டன் முடிவு, வாக்குவாதம் கிடையாது.

உருளும்போதும் முதல் ஏற்றத்திலும் பாதுகாப்புக் காரணம் தவிர வேறு எதற்கும் நாங்கள் பேசக் கூடாது என்பது விதி. அலைவரிசை மாற்றச் சொல்வதற்கும் அதே பொறுமை வேண்டும். 200 அடியில் ஏறிக்கொண்டிருப்பவரை அழைத்து எண்ணைப் படிப்பது கெட்ட பழக்கம்.

புதுச்சிறகு எழுதியது:

அப்போ மூணாவது கேள்வி. டிபார்ச்சருக்கு மாறினதும் "வித் யூ" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

இடதுஇருக்கை எழுதியது:

அதைத் தூக்கிப் போடுங்கள். டவர் சொன்ன பிறகு மாறுங்கள், சொல்லாமல் மாறக் கூடாது. தானாக மாறணும் என்று சில இடங்களில் சார்ட்டிலேயே போட்டிருக்கும், அங்கே மட்டும் விதிவிலக்கு. மாறியதும் இரண்டு விநாடி கேளுங்கள், யாராவது பேசிக்கொண்டிருக்கலாம். பிறகு: கால்சைன், சிட் பெயர், கடக்கும் உயரம், ஏற அனுமதித்த உயரம். சிட் பெயர் நீங்கலாக: "ஃபாஸ்ட்ஏர் 345, பாஸிங் 1,800 ஃபீட், கிளைம்பிங் 5,000 ஃபீட்." ஹெவி வகை என்றால் கால்சைனுக்குப் பின் "ஹெவி", ஏ380 என்றால் "சூப்பர்".

கடக்கும் உயரத்தை நூறடிக் கணக்கில் துல்லியமாகச் சொல்லணும். ரேடார் திரையில் உங்கள் டிரான்ஸ்பாண்டர் காட்டும் உயரத்தோடு அதை ஒப்பிட்டுத்தான் நம்புவார்கள். ஐசிஏஓ கணக்கில் 300 அடிக்குள் பொருந்தணும், ஆர்விஎஸ்எம் வான்வெளியில் (விமானங்களுக்கு இடையே செங்குத்து இடைவெளியைக் குறைத்த பகுதி) 200 அடி. ஆயிரத்துக்கு ரவுண்டு கட்டிச் சொன்னால் அந்தச் சோதனையே வீண்.

சந்தேகசாமி எழுதியது:

நிஜத்தில் பலர் "345" என்று வெறும் எண்ணை மட்டும் சொல்லிப் பதில் தருகிறார்கள். அது சுருக்க வடிவம்தானே, தப்பா?

டவர்வாசி எழுதியது:

தப்பு. பதிவெண்ணைக் கால்சைனாகக் கொண்ட சிறு விமானத்துக்குச் சுருக்கம் உண்டு, அதுவும் நாங்கள் முதலில் சுருக்கிய பிறகு. நிறுவனப் பெயரும் எண்ணும் சேர்ந்த கால்சைனுக்குச் சுருக்கமே கிடையாது. 345-உம் 354-உம் ஒரே அலைவரிசையில் இருக்கும் நாளில் அதன் காரணம் விளங்கும். எவர் பதில் சொன்னார் என்று தெரியாத ரீட்பேக், ரீட்பேக்கே அல்ல. அப்படிப்பட்ட நாளில் ஒருவரின் கால்சைனைத் தற்காலிகமாக மாற்றிவிடவும் எங்களுக்கு வழி இருக்கிறது.

இடதுஇருக்கை எழுதியது:

இங்கே கொஞ்சம் மாறுபடுகிறேன். விதி அதுதான். ஆனால் நிமிஷத்துக்கு 100 சொல்லைத் தாண்டக் கூடாது என்ற ஐசிஏஓ அளவை எத்தனை கன்ட்ரோலர் மதிக்கிறார்கள்? ஒரே மூச்சில் ஹெடிங், உயரம், வேகம், அலைவரிசை நான்கையும் கொட்டினால் எதிரில் இருப்பவர் எதையாவது சுருக்கத்தான் செய்வார், கால்சைன்தான் முதலில் பலியாகும்.

டவர்வாசி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஒரு அழைப்பில் இரண்டு உத்தரவுக்கு மேல் வைத்தால் ரீட்பேக்கில் ஓட்டை விழும். அந்த ஓட்டையைக் கேட்டுத் திருத்துவதற்குப் பிரித்துச் சொல்வதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

புதுச்சிறகு எழுதியது:

டேட்டாலிங்க் (குரலுக்குப் பதில் எழுத்துச் செய்தி) வந்துவிட்டால் இதெல்லாம் ஒழியுமா? அப்புறம் கடைசியாக: உள்ளே லைன் அப் ஆகி நிற்கும்போது டவரிடமிருந்து சத்தமே இல்லை என்றால்?

ரேடியோராஜா எழுதியது:

ரூட் கிளியரன்ஸ் பல பெரிய விமான நிலையங்களில் இப்போதே திரையில்தான் வருகிறது. எண்ணைத் தப்பாகக் கேட்கும் பிரச்சினை அங்கே இல்லை, படிக்காமல் "அக்செப்ட்" அமுக்கும் பிரச்சினை இருக்கிறது. டாக்ஸியும் டேக்-ஆஃபும் பெரும்பாலும் குரலில்தான்.

சத்தம் இல்லை என்றால் சும்மா நிற்காதீர்கள். அமெரிக்க விமானிகளுக்கான வழிகாட்டுதலில் 90 விநாடி என்று ஒரு அளவு இருக்கிறது, அதற்குள் ஒன்றும் வரவில்லை என்றால் கேளுங்கள். பதில் இல்லையா, முதலில் வால்யூம், பிறகு ஆடியோ பேனலில் எந்த ரேடியோ தேர்வாகியிருக்கிறது, பிறகு மைக் பட்டன் சிக்கியிருக்கிறதா. பட்டன் சிக்கினால் நீங்கள் மட்டும் செவிடாவதில்லை, அலைவரிசை முழுக்க அடைபடும். டிரான்ஸ்மிட் விளக்கு அணையாமல் எரிந்தால் அதுதான். இரண்டாவது ரேடியோவுக்கு மாறுங்கள், பழைய அலைவரிசையையும் அவசர அலைவரிசையான 121.5-ஐயும் முயலுங்கள்.

அதுவும் இல்லை என்றால் டவரின் விளக்கைப் பாருங்கள். தரையில் இருப்பவருக்கு நிலையான பச்சை டேக்-ஆஃப் அனுமதி, மினுங்கும் பச்சை டாக்ஸி, நிலையான சிவப்பு நில், மினுங்கும் சிவப்பு ஓடுபாதையை விட்டு வெளியேறு, மினுங்கும் வெள்ளை புறப்பட்ட இடத்துக்குத் திரும்பு. புரிந்தது என்று காட்ட, பகலில் எய்லரானையோ (இறக்கை மடல்) ரட்டரையோ (வால் சுக்கான்) அசைக்கணும், இரவில் லேண்டிங் விளக்கை இரண்டு தடவை மினுக்கணும்.

இடதுஇருக்கை எழுதியது:

அதோடு, ரேடியோ செத்த நிலையில் பச்சை விளக்கு கிடைத்தாலும் பயணிகளோடு மேகத்துக்குள் கிளம்புகிறவர் யாரும் இல்லை, ஸ்டாண்டுக்குத்தான் திரும்புவார்கள். மேலே போன பிறகு செத்தால் ஸ்குவாக் 7600. தரை தெரிந்தால் அப்படியே பார்த்துப் பறந்து பக்கத்தில் பொருத்தமான இடத்தில் இறங்குவது. மேகத்துக்குள் இருந்தால், ரேடார் உள்ள வான்வெளியில் கடைசியாகத் தந்த உயரத்தையும் வேகத்தையும் 7 நிமிஷம் பிடித்துவிட்டு, பிறகு ஃப்ளைட் பிளான்படி. சில நாடுகள் தங்கள் ஏஐபி-யில் (அரசின் விமானத் தகவல் வெளியீடு) இதை மாற்றி வைத்திருக்கும், சிட் சார்ட்டின் ஓரத்திலேயே தனிக் குறிப்பும் இருக்கலாம். அதைக் கேட்டில் நிற்கும்போதே படித்து வையுங்கள்.